வாலில் மூன்றரை கிலோ

என் அண்ணன் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தான். அவன் ஒட்டினால் விடாது என்று பெயர். பட்டறையில் அவனைக் 'கர்டர்', அதாவது இரும்பு உத்தரம், என்றுதான் கூப்பிடுவார்கள். புது வண்டி எடுக்க வரும் ஓட்டுநர்கள், "கர்டர் கை வெச்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்களாம். இதை அவனே சொல்வான், யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்வது போல.

அவனுக்கு முப்பத்து நான்கு வயதில் விமான ஆசை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால், "வந்துச்சு" என்பான். எங்கோ ஒருவருக்குக் கடிதம் எழுதி, நீளமான அட்டைக் குழாயில் சுருட்டிய வரைபடங்களை வரவழைத்தான். நாற்பத்திரண்டு தாள்கள். இரும்புக் குழாய்களை ஒட்டிக் கூடு செய்ய வேண்டும், அதன்மேல் துணியை இழுத்துத் தைக்க வேண்டும், முன்னால் ஓர் எஞ்சின், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். முன்னால் அவன், பின்னால் அண்ணி. முதல் தாளை விரித்த அன்றே அது முடிவாகிவிட்டது.

அண்ணி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். நான் எடை அளவை அலுவலகத்தில் ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. அண்ணன் என்னைத் 'தராசு' என்றே கூப்பிடுவான். எனக்கு அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கும் போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. விமானத்தைக் கட்டி முடிக்க ஆன பதினோரு வருடமும் அதில் நாற்காலி என்று ஒன்று கிடையாது. உட்கார்ந்தால் வேலை நின்றுவிடும் என்பது அண்ணன் வாதம். நானும் அண்ணியும் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் பேச முடியாது, சைகைதான். வெயில் காலத்தில் குழாய்களைத் தொட்டால் கை சுடும். ஒரு வருடம் முழுக்க ஒரே ஓர் இறக்கையின் விலா மரங்களை அறுத்தோம். இன்னொரு வருடம் எஞ்சினுக்காகக் காத்திருந்தே போயிற்று. இப்போது நினைத்தால் அந்த வருடங்களில் நாங்கள் வேறு என்ன செய்தோம் என்றே ஞாபகம் வரவில்லை. கொட்டகையும், ரேடியோவும், டீயும், அண்ணன் இரும்பை ஒட்டும் நீல வெளிச்சமும்தான் மிச்சம்.

துணி தைத்தது அண்ணி. வளைந்த ஊசியை அவளைப் போலப் பிடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. வாலின் அடிவயிற்றில் இரண்டு மீட்டருக்கு ஒரே தையல், எண்ணி வைத்தது போன்ற இடைவெளியில். அதன்மேல் அண்ணன் ஆறு கோட்டு பெயிண்ட் அடித்தான். தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. இறக்கைகளைக் கடைசியில்தான் மாட்டினோம்.

அப்புறம் எடை போடும் நாள் வந்தது. இதற்கு மட்டும் என்னை விட்டால் ஆள் இல்லை. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, மூன்று மேடைத் தராசுகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை போய் இறங்கினேன்.

காற்று பட்டால் இறக்கை தூக்கும், எடை தப்பாகக் காட்டும். அதனால் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டோம். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் கீழே தலா ஒரு தராசு. வாலை மர முக்காலி ஒன்றில் தூக்கி வைத்து, அதற்குக் கீழே மூன்றாவது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அண்ணன் முக்காலிக்கு அடியில் ஆப்பு சொருகிக்கொண்டே இருந்தான். மூவரும் வியர்வையில் நனைந்துவிட்டோம்.

"நூத்தி அறுபத்தொண்ணு," என்று படித்தேன். "நூத்தி அறுபத்து மூணு. வாலு, முக்காலியைக் கழிச்சு, இருபத்தேழு."

"மொத்தம்?"

"முந்நூத்து அம்பத்தொண்ணு."

"வரைபடத்துல முந்நூத்து நாப்பது போட்டிருக்கான்," என்றான் அண்ணன். "பதினோரு கிலோதானே! நான் பயந்தேன், அம்பது வருமோன்னு."

மொத்த எடையைப் பற்றி நானும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சைக்கிள் கேரியரில் பெரிய மூட்டையை வைத்துக் கட்டினால் முன்சக்கரம் தரையில் நிற்காமல் தூக்கும் இல்லையா, அதுதான் இங்கேயும். வால் பக்கம் பாரம் கூடினால் மூக்கு மேலே போகும். வேகம் குறைகிற நேரத்தில், கீழே வா என்றால் வராது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி இருபத்தைந்து சென்டிமீட்டருக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் எங்காவதுதான் விமானம் சமமாக நிற்க வேண்டும் என்று வரைபடக்காரர் கோடு போட்டிருந்தார். ஆள் ஏறினாலும் இறங்கினாலும், பெட்ரோல் நிறைந்தாலும் தீர்ந்தாலும், அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

அண்ணன் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தாளை எடுத்து, புது எண்களை எழுதிப் பெருக்கி, கூட்டி, வகுத்தான். இரண்டு தடவை செய்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ரெண்டு பேரும் உக்காந்து, பெட்ரோல் காலியாகுற நேரத்துல, சரியா நாப்பத்தஞ்சு. கோட்டு மேலயே நிக்குது. வெளிய போகல பாரு!"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் தாளின் தலையில், பழுப்பேறிய மையில் இரண்டு எண்கள் இருந்தன.

"இந்த அறுபத்து நாலு யாரு?"

"நான்தான்."

"எப்போ?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "ஆரம்பிச்சப்போ."

"நாப்பத்தெட்டு?"

"அவ."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது நான் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தப்போ எடுத்தது. இவர்கிட்ட பெருமையா சொன்னது தப்பாப் போச்சு."

"ரெண்டு பேரும் தராசுல ஏறுங்க," என்றேன்.

அண்ணன் ஏறினான். எழுபத்தொன்பது. குனிந்து எண்ணைப் பார்த்தான், இறங்கினான், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். எழுபத்தொன்பதுதான்.

"உன் தராசு தப்பு."

"முத்திரை குத்தினதே நான்தான்."

"அப்போ முத்திரையும் தப்பு."

அண்ணிக்கு அந்த நிமிஷம் பார்த்து வீட்டுக்குள் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. "டீ போட்டுட்டு வந்துடுறேன்," என்று போனவள், மூன்று டம்ளர்களுடன் ரொம்ப நேரம் கழித்து வந்தாள். தினமும் இருபது நோயாளிகளை 'ஏறுங்க, நேரா நில்லுங்க' என்று தராசில் ஏற்றுகிறவள், என்னிடம், "கண்டிப்பா ஏறணுமா?" என்றாள்.

"ஏறணும், அண்ணி. டம்ளரைக் கீழ வெச்சுட்டு."

அறுபத்திரண்டு.

நான் பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். கிளம்பும்போது, டாங்கி நிறைந்திருக்கும்போது, சரியாகத்தான் வந்தது. டாங்கி மூக்குப் பக்கம். அந்த எடை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பறக்கப் பறக்கப் பெட்ரோல் குறையும், பாரம் பின்னால் நகரும். இறங்குகிற நேரத்தில் நாற்பத்தாறு புள்ளி நான்கு. கோட்டுக்கு வெளியே கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர்.

"ஒரு விரல் அகலம்," என்றான் அண்ணன், விரலைக் காட்டி.

"மேல போறப்போ நல்லா இருக்கும், அண்ணா. இறங்குறப்போதான் கையை விரிக்கும்."

"மூக்குல ஈயத்தை வெச்சுடலாம். எவ்வளவு வேணும்?"

"அஞ்சு கிலோ."

"அவ்வளவுதானே! அரை நாள் வேலை. உருக்கி, ஊத்தி, போல்ட் போட்டு..."

"அஞ்சு கிலோ வெச்சா கோட்டு மேல நிக்கும், அவ்வளவுதான். உள்ள வராது. டாங்கியை நிரப்பினா மொத்த எடையும் தாண்டிடும். ஐநூத்து முப்பதுதான் உச்சம்னு போட்டிருக்கு. உனக்கு ஐநூத்து முப்பத்து மூணு வருது."

"மூணு கிலோ! பஸ்ஸுல ஒரு ஆளோட பை."

"இது பஸ் இல்லையே."

அப்போதுதான் அண்ணி கேட்டாள், மெதுவாக, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி. "நான் ஏறலைன்னா?"

"பின்னாடி ஆள் இல்லைன்னா முப்பத்தேழு வரும்," என்றேன். "ஒரு தொல்லையும் இல்ல."

"அப்போ பறக்க அனுமதி தர வர்ற விமான ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுடுவாரா?"

"பின் சீட்டுல யாரும் உக்காரக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டா, போட்டுடுவாரு."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, ஏதோ கூட்டுகிற மாதிரி. அவ்வளவுதான், பத்து விநாடி இருக்கும். பிறகு, "சே, அதெல்லாம் எதுக்கு? ஏதாவது வழி பண்ணிக்கலாம்," என்றான். ஆனால் அதற்குள் அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அண்ணி கொட்டகைக்கு வரவில்லை. டியூட்டி என்றாள். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. பதினோரு வருடத்தில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தலைவலி வந்ததே இல்லை. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. அண்ணன் எதையும் கவனிக்காதவன் போல மூக்குப் பகுதிக்கு ஒரு தகடு வளைத்துக்கொண்டிருந்தான். ஈயம் வைக்கத்தான். ஆனால் தகடு வளைந்தபாடில்லை.

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது கொட்டகையில் சத்தமே இல்லை. அண்ணன் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தான், பின் இருக்கையில். கட்டுகிற வேலைக்கு எத்தனையோ தடவை அதில் தலையை நுழைத்திருப்பான். வெறுமனே அதில் உட்கார்ந்து நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"என்னண்ணா?"

"இங்க உக்காந்தா முன்னாடி ஒண்ணுமே தெரியல," என்றான். "முன் சீட்டோட முதுகுதான் தெரியுது. அதுல நான் உக்காந்தா என் முதுகு. பக்கத்துல ரெண்டு ஜன்னல், அவ்வளவுதான். இதுல வர்றதுக்கா இத்தனை வருஷம் தெச்சா?"

அவன் காலைத் தூக்கி வெளியே போட்டு, முனகிக்கொண்டே இறங்கி, வீட்டுக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன். தடுக்கவா வேடிக்கை பார்க்கவா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோவமா?" என்றான் அண்ணன்.

"எதுக்குக் கோவம்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான். ஒண்ணும் சொல்லல." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் ஏறலைன்னான்னு கேட்டப்போ, நீங்க யோசிச்சீங்க."

"கணக்குப் போட்டேன்."

"எனக்குத் தெரியும் கணக்குதான்னு. நான் இல்லாம எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாத்தீங்க."

அண்ணன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஆமா," என்றான். "ஒரு நிமிஷம் பாத்தேன். சுலபமா வந்துச்சு. அதனாலதான் எனக்கே பிடிக்கல. இந்த மூணு வாரமா ஒரு தகட்டை வளைக்க முடியல என்னால."

அண்ணி அவனையே பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஈயம் வைக்காம வேற வழியே இல்லையா?"

"இருக்கு அண்ணி. முன்னாடி அஞ்சு கிலோ சேக்குறதும், வால்ல ரெண்டு கிலோ குறைக்கிறதும் ஒண்ணுதான். வாலு அவ்வளவு தூரத்துல இருக்கே. மூணு, மூணரை குறைச்சா கோட்டுக்கு நல்லா உள்ளயே வந்துடும்."

"அப்போ அதைச் செய்யாம ஏன் ஈயத்தைக் கட்டி அழறீங்க?"

அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "வாலைத் திறக்கணும். உன் தையலைப் பிரிக்கணும். அந்தத் தையலை எப்படி நான்..."

"இவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. அவள் குரலில் மூன்று வாரமாக இல்லாத ஒன்று வந்துவிட்டது. "உள்ள பஞ்சை வெச்சுத் தெச்சுட்டோம்னு தெரிஞ்சா, தையல் அழகா இருக்கேன்னு டாக்டர் விட்டுடுவாரா? நகருங்க."

இஸ்திரியை அணைத்துவிட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அரை மணி நேரத்தில் வாலின் வயிறு திறந்துவிட்டது. அண்ணன்தான் திரும்பி நின்றுகொண்டான்.

உள்ளே பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குழாய்கள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் முக்கோணத் தகடு ஒட்டியிருந்தான். வரைபடத்தில் நான்கு மூலைக்குத்தான் போடச் சொல்லியிருந்தது. இவன் பன்னிரண்டுக்கும் போட்டிருந்தான்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும்னு."

"இது?"

"அதுவும் இருக்கட்டும்னுதான்."

வால் சக்கரத்தைத் தாங்கும் வில்லுப்பட்டை லாரியிலிருந்து கழற்றியது. வரைபடத்தில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு தடிமன். சக்கரமோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஸ்ட்ரெச்சருடையது; உருண்டை ரப்பர், நடுவில் கெட்டி இரும்பு. அண்ணியே கொண்டு வந்து கொடுத்தது. "இதுல என் பங்கும் இருக்கா!" என்றாள். பளபளக்கும் பெயிண்ட்டைத் துணியோடு உள்ளங்கை அளவு வெட்டி என் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தோம். வெறும் துணியைப் போல மூன்று மடங்கு.

"ஏண்ணா, பஸ் கட்டுற ஞாபகத்துலயே கட்டினியா?"

அண்ணன் அரத்தால் ஒரு தகட்டைச் சுரண்டிக்கொண்டே, ஏதோ தன் மேல் பழி சுமத்திய மாதிரி முணுமுணுத்தான். "முதல்ல வரைபடப்படிதான் பண்ணியிருந்தேன். நாலு தகடுதான். அப்புறம் ஒரு நாள் இவ உள்ள ஏறி உக்காந்து பாத்தா. சிரிச்சா. அன்னைக்குச் சாயங்காலம்தான் மிச்சம் எட்டும் போட்டேன். இவ ஏறப்போற வண்டியாச்சே, விட்டுப்போச்சுன்னா?"

அண்ணி அவன் பக்கத்தில் டப்பாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கை அவனுக்கு வாகாகப் பிடித்துக்கொண்டாள்.

குழாயில் கீறல் விழாமல் எட்டுத் தகடுகளையும் எடுக்க ஏழு ஞாயிறுகள் ஆயின. எடுத்த ஒவ்வொன்றும் தராசில் ஏறியது. நான் நோட்டில் எழுதினேன். புது வில்லுப்பட்டை, வரைபடத்தில் சொன்ன தடிமனில். சின்ன அலுமினியச் சக்கரம். பெயிண்ட்டைத் தேய்த்து எடுப்பதுதான் அண்ணனுக்கு உயிர் போகிற வேலையாக இருந்தது. "கண்ணாடி மாதிரி இருந்துச்சே," என்று புலம்பிக்கொண்டே தேய்த்தான். அண்ணி மறுபடி தைத்தாள். முதல் தையலைவிட அது நன்றாகவே வந்தது என்று நான் சொன்னால் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டாள். வாலுக்கு இரண்டே கோட்டுதான் அடிக்க விட்டோம்.

இரண்டாம் முறை எடை போட்ட அன்று, வால் தராசு இருபத்து மூன்று கிலோ எண்ணூற்றைம்பது கிராம் காட்டியது; எடுத்த மூன்றரை கிலோவில் மிச்சம் முன் தராசுகளில் குறைந்திருந்தது. இம்முறை அண்ணி கேட்காமலேயே தராசில் ஏறினாள், அதே அறுபத்திரண்டு. டாங்கி காலியாக, இருவரும் உட்கார்ந்தால், நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. கோட்டுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேல். நான் படித்துக் காட்டியதும் அண்ணன் தாளை வாங்கி, தலையிலிருந்த இரண்டு பழைய எண்களையும் அடித்துவிட்டு, புது எண்களைப் பெரிதாக எழுதினான்.

விமானத்தைச் சோதிக்க வந்த ஆய்வாளர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். என் எடைத் தாளை இரண்டு முறை படித்தார். வாலுக்குப் போய் நின்றார்.

"உடம்பெல்லாம் பளபளன்னு இருக்கு. வால் மட்டும் ஏன் மங்கல்?"

"எடை சார்," என்றான் அண்ணன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கீழே படுத்துத் தையலை விரலால் தடவினார். "இது யாரு போட்டது?"

"நான்தான்," என்றாள் அண்ணி.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"வயித்துல."

ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்து, அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் சில வருடங்களாகவே ஊருக்கு வெளியே இருந்த பறப்புக் கழகத்தில் ஓட்டக் கற்று உரிமம் வாங்கி வைத்திருந்தான். முதல் தடவை அந்தப் புல்தரையிலிருந்து அவன் மட்டும் கிளம்பினான். சக்கரங்கள் தரையைவிட்ட அந்த நொடியில் அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலித்தது. பன்னிரண்டு நிமிடம் பறந்தான். இறங்கும்போது இரண்டு துள்ளு துள்ளி நின்றது. இறங்கி வந்தவன் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தான்.

நாற்பது மணி நேரம் தனியாகப் பறந்த பிறகுதான் ஆள் ஏற்றலாம் என்பது விதி. அதில் கடைசிப் பத்து மணி நேரம் பின் இருக்கையில் மணல் மூட்டை. முதலில் இருபது கிலோ, பிறகு நாற்பது, கடைசியில் அறுபத்திரண்டு. மூட்டைக்கு பெல்ட் போட்டுவிடுவது அண்ணி வேலை. "பாருங்க, என் இடத்துல மண்ணு," என்பாள். போட்டுவிட்டு அதன் தோளில் தட்டுவாள். டாங்கியைக் கிட்டத்தட்டக் காலி செய்து, அந்த மூட்டையோடு எட்டுத் தடவை இறங்கிக் காட்டினான் அண்ணன். மூக்கு சொன்னபடி கேட்டது.

அப்புறம் அண்ணி ஏறினாள். தலையில் ஸ்கார்ஃப், காலில் ஆஸ்பத்திரி ஷூ. இருபது நிமிடம். நான் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று ஓடினேன்.

"உங்கண்ணன் சட்டையில தோள்கிட்ட தையல் விட்டிருக்கு," என்றாள். "போறப்போ வர்றப்போ அதையேதான் பாத்துட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணன் காது கேட்காதவன் போலச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது வருடம் அவர்கள் பறந்தார்கள். பெரிய தூரமெல்லாம் இல்லை. ஏரி வரைக்கும், மலை ஓரம் வரைக்கும், ஒரு தடவை கடல் வரைக்கும். ஞாயிறு காலை என் வீட்டு மொட்டை மாடிக்கு மேல் ஒரு வட்டம் போடுவான். நான் துணி உலர்த்திக்கொண்டே கையாட்டுவேன். பிறகு மருத்துவச் சோதனையில் அண்ணன் கண் சரியில்லை என்றார்கள். இன்னும் இரண்டு மாதம்தான் உரிமம் என்றதும், ஒரு வாத்தியாருக்கு விமானத்தை விற்க முடிவாயிற்று. வாத்தியார் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரே ஒரு வாரம் மிச்சமிருந்தது.

அந்த வாரம்தான் அண்ணி எனக்கு ஃபோன் செய்தாள். "நீ ஒரு தடவைகூட ஏறலையே?"

உண்மைதான். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தராசைப் பார்ப்பதுதான் என் வேலை, ஏறுவது இல்லை என்று தட்டிக் கழித்துவிடுவேன். பயம் என்று சொல்ல வெட்கம்.

போனேன். என் எடைக்கும் கணக்கு கோட்டுக்குள்தான் வந்தது. அண்ணியே எனக்கு பெல்ட் மாட்டிவிட்டாள். அண்ணன் சொன்னது சரிதான். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பக்கத்து ஜன்னலில் தரை நழுவி, மரங்கள் சிறுத்து, திடீரென்று ஊர் முழுவதும் கீழே விரிந்தபோது நான் பயப்பட மறந்துபோனேன். நான் முப்பது வருடம் தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த கடைத்தெரு ஒரு சாண்கூட இல்லை. மார்க்கெட்டின் நீலக் கூரை, ரயில் பாதை, பள்ளிக்கூட மைதானத்தில் புள்ளி புள்ளியாய்ப் பிள்ளைகள். வெயில் தகரக் கூரைகளில் ஒவ்வொன்றாகப் பட்டு மின்னிக்கொண்டே வந்தது.

எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. நடுவழியில் அண்ணன் இடது பக்கம் சாய்த்து, கையை வெளியே நீட்டி, கீழே எதையோ காட்டினான். ஏதோ கத்தினான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தான், நான் பார்த்துவிட்டேன் என்பது போலப் பெரிதாகத் தலையாட்டினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுபடி ஒரு முறை அதே இடத்தைச் சுற்றினான்.

இறங்கிய பிறகு அதைக் கேட்கத் தோன்றவில்லை. வாத்தியார் வந்து காத்திருந்தார், சாவி, காகிதம், கையெழுத்து என்று பேச்சு போய்விட்டது. போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் திடீரென்று ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு மேல இருந்து என்னண்ணா காட்டினே?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான். "எதையோ காட்டினேன்," என்றான். "நீதான் பாத்துட்டேன்னு தலையாட்டினியே, உனக்கே தெரியலையா?"

அண்ணி உள்ளேயிருந்து, "ரெண்டும் ஒரே ரகம்," என்றாள்.

அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். எனக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. உட்கார்ந்து, இதுவா இருக்குமோ அதுவா இருக்குமோ என்று ஊரில் ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.